யூஎஸ்பி ஹெட்செட்டும் லினக்ஸும்: சத்தம் எந்த மதகில் நிற்கிறது?

"தம்பி, சொருகிட்டேன்பா. ஒண்ணும் கேக்கல." எங்கள் வீட்டில் யார் யூஎஸ்பி ஹெட்செட் வாங்கினாலும் எனக்கு வரும் முதல் அழைப்பு இதுதான். அடுத்த வாக்கியமும் எனக்கு மனப்பாடம்: "லினக்ஸ்ல இதெல்லாம் வராதாமே, விண்டோஸ் போட்டுடலாமா?" சித்தப்பா ஒருவர் என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செலவழித்து லினக்ஸ் மின்ட்டைத் திரும்ப நிறுவியிருந்தார். நான் போய்ப் பார்த்தபோது ஹெட்செட் வயரின் நடுவில் இருந்த மியூட் பொத்தான் அழுந்தியிருந்தது.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் ஒன்றே ஒன்றைத்தான் சொல்கிறேன். எதையும் நிறுவாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் அணையை இடிப்பதில்லை. தலைமதகில் தொடங்கி எந்த மதகு வரை தண்ணீர் வந்திருக்கிறது என்று நடந்து பார்க்கிறோம். லினக்ஸில் சத்தமும் அப்படித்தான் வருகிறது. யூஎஸ்பி போர்ட், இயங்குதளத்தின் மையமான கர்னல், ஆல்சா, அதற்கு மேல் செயலிகளின் ஒலியைக் கருவிகளுக்குப் பிரித்து அனுப்பும் பைப்வயர் அல்லது பல்ஸ்ஆடியோ, கடைசியில் பிரவுசர் போன்ற செயலி. இந்த ஐந்தில் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கட்டளைகளைப் போனில் சொல்வதுபோல எழுத்துக் கூட்டியே தருகிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்வேன். டி என்றால் ஆங்கிலத்தில் சிக்கு அடுத்து வருவது; சி, டி, எல் என்று சேர்ந்து வந்தாலோ நான் தனியாகச் சொன்னாலோ மட்டும் எஸ்ஸுக்கு அடுத்து வரும் டி.

கையால் முடிகிற வேலை

வயரில் இருக்கும் மியூட் பொத்தான், ஒலிச் சக்கரம் இரண்டையும் முதலில் பாருங்கள். சிரிக்க வேண்டாம், எனக்கு வரும் அழைப்புகளில் பல இங்கேயே முடிந்துவிடுகின்றன. பிறகு ஹெட்செட்டைக் கழற்றி, ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) எதுவும் இல்லாமல் கணினியின் சொந்தப் போர்ட்டில் சொருகுங்கள். மேசைக் கணினி என்றால் முன்பக்கப் போர்ட்டை விட்டுவிட்டுப் பின்பக்கம், மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டுக்குப் போங்கள். முன்பக்கப் போர்ட்டுகள் உள்ளே ஒரு வயர் வழியாக வருகின்றன. அந்த வயர் தளர்ந்திருப்பது சகஜம்.

"அதே ஹப்பில் பென்டிரைவ் நன்றாகத்தானே ஓடுகிறது?" என்று கேட்பார்கள். ஓடும். பென்டிரைவுக்கு அனுப்பும் தரவில் பிழை வந்தால் யூஎஸ்பி அதைத் திரும்ப அனுப்பும். உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒலிக்கு அந்தச் சலுகை இல்லை. நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அங்கே விதி. தவறிய துண்டு தவறியதுதான், அது காதில் 'டப்' என்று கேட்கும். அதனால் பென்டிரைவை வைத்து ஹப்பின் நலத்தை அளக்க முடியாது. மின்சாரமும் ஒரு காரணம். யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தருவது அதிகபட்சம் 500 மில்லி ஆம்பியர். தனி அடாப்டர் இல்லாத ஹப் அதைத்தான் எல்லாக் கருவிகளுக்கும் பிரித்துக் கொடுக்கிறது.

டைப்-சி இணைப்பி வாங்கியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. செல்போனுக்கு என்று விற்கும் டைப்-சி முதல் 3.5 மில்லிமீட்டர் வரையிலான குட்டி இணைப்பிகளில் இரண்டு சாதி உண்டு. ஒன்றில் உள்ளேயே ஒலிச் சில்லு இருக்கும். மற்றொன்றில் வெறும் கம்பிதான். செல்போன் தன் அனலாக் ஒலியை அந்த முனைகளில் நேராக அனுப்பினால்தான் அது வேலை செய்யும். பெரும்பாலான மடிக்கணினிகள் அப்படி அனுப்புவதில்லை. கம்பி மட்டும் உள்ள இணைப்பியைச் சொருகினால் லினக்ஸ் என்ன, விண்டோஸிலும் ஒன்றும் நடக்காது. அதற்கு மென்பொருள் வைத்தியம் கிடையாது. சில்லு உள்ளதாகப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஓடிஜி வசதியுள்ள, அதாவது யூஎஸ்பி கருவியைச் சொருக முடிகிற ஆண்ட்ராய்டு போன் இருந்தால் ஹெட்செட்டை அதில் சொருகி ஒரு பாட்டுப் போட்டுப் பாருங்கள். ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பதும் லினக்ஸ் கர்னல்தான், 5.0 பதிப்பிலிருந்தே யூஎஸ்பி ஒலியை ஏற்கிறது. போனில் பாடினால் ஹெட்செட் உயிரோடு இருக்கிறது, தேட வேண்டியது கணினியில்.

தலைமதகு: கர்னலுக்குத் தெரிகிறதா?

டெர்மினலைத் திறந்து எல், எஸ், யூ, எஸ், பி என்று இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். இணைந்திருக்கும் யூஎஸ்பி கருவிகளின் பட்டியல் வரும். ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு ஒரு முறை, சொருகிவிட்டு ஒரு முறை அடித்துப் பாருங்கள். புதிதாக முளைக்கும் வரிதான் உங்கள் கருவி. பெயர் பெட்டியில் உள்ளதுபோல இருக்காது, குழம்ப வேண்டாம். மலிவு விலை ஒலி டாங்கிள்களில் (யூஎஸ்பியில் சொருகும் குட்டி ஒலிக்கருவிகளில்) பெரும்பாலும் சி-மீடியா நிறுவனத்தின் சில்லு இருக்கும், பெட்டியில் என்ன பெயர் அச்சிட்டிருந்தாலும் பட்டியலில் சி-மீடியா என்றே வரும்.

புதிய வரி எதுவுமே வரவில்லை என்றால் மேலே போக வேண்டாம். ஒலி அமைப்புகளில் எதைத் திருகியும் பயனில்லை. சிக்கல் வயரில், போர்ட்டில், அல்லது கருவியில்.

இதைவிட நிறையப் பேசும் கட்டளை ஒன்று உண்டு. சூடோ, அதாவது எஸ், யூ, டி, ஓ, ஓர் இடைவெளி, டி, எம், இ, எஸ், ஜி, ஓர் இடைவெளி, ஒரு ஹைஃபன், அதை ஒட்டி டபிள்யூ. கடவுச்சொல் கேட்கும். அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது, அடித்துவிட்டு என்டர் தட்டுங்கள். கர்னல் தன் நாட்குறிப்பை உங்கள் கண்முன் எழுத ஆரம்பிக்கும். இப்போது ஹெட்செட்டைச் சொருகுங்கள். 'நியூ ஃபுல்-ஸ்பீடு யூஎஸ்பி டிவைஸ்' அல்லது 'நியூ ஹை-ஸ்பீடு யூஎஸ்பி டிவைஸ்' என்று ஒரு வரி வந்தால் நல்லது. ஃபுல்-ஸ்பீடு என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது நொடிக்கு 12 மெகாபிட், பழைய வேகம். சாதாரண ஹெட்செட்டுக்கு அது தாராளம். ஹை-ஸ்பீடு என்பது 480 மெகாபிட். பல வாய்கள் உள்ள ஸ்டூடியோ இன்டர்ஃபேஸ்கள் அதில் வரும்.

அங்கே எரர் -71 என்று வந்தால் கருவியும் கணினியும் ஒன்றையொன்று சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று பொருள். எரர் -110 என்றால் கணினி காத்திருந்து காத்திருந்து பதில் வரவில்லை. இரண்டிலுமே நான் முதலில் சந்தேகப்படுவது வயரை, அடுத்து ஹப்பை. சில வெப்கேம் மைக்குகளைச் சொருகும்போது 'கெனாட் கெட் ஃப்ரீக்' என்று தொடங்கும் வரிகள் வந்து பயமுறுத்தும். தன் அதிர்வெண் என்ன என்று கேட்டால் அந்தக் கருவிக்குச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். மைக் வேலை செய்தால் அந்த வரிகளை மறந்துவிடலாம்.

நாட்குறிப்பை நிறுத்தக் கன்ட்ரோல் விசையோடு சி.

டிரைவர் எங்கே தரவிறக்குவது என்று தேடுபவர்களுக்கு: பெரும்பாலும் எங்கேயும் வேண்டாம். யூஎஸ்பி ஒலிக்கருவிகளுக்கு என்று பொது நெறி ஒன்று 1998 முதல் இருக்கிறது. பின்னர் இரண்டாம் பதிப்பும் வந்தது. அந்த நெறிப்படி செய்த எந்தக் கருவியையும் கர்னலில் உள்ள எஸ்என்டி-யூஎஸ்பி-ஆடியோ என்ற ஒரே டிரைவர் ஓட்டிவிடும். வாங்கும்போதே 'கிளாஸ் கம்ப்ளையண்ட்' என்று போட்டிருக்கிறதா, ஐபேடில் தனி டிரைவர் இல்லாமல் வேலை செய்யும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஐபேடுக்குச் சரி என்றால் லினக்ஸுக்கும் அநேகமாகச் சரி.

இரண்டாம் மதகு: ஆல்சா

ஆல்சா என்பது கர்னலோடு ஒட்டிய ஒலி அடுக்கு. 2.6 கர்னலிலிருந்து லினக்ஸின் ஒலி இதன் கையில்தான். அதனிடம் கேட்க: ஏ, பி, எல், ஏ, ஒய், இடைவெளி, ஹைஃபன், சின்ன எல். ஒலிக்கும் கருவிகளின் பட்டியல் வரும். உங்களுடையது 'கார்டு 1' என்றோ 'கார்டு 2' என்றோ எண்ணோடு இருக்கும். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மைக்குகளைப் பார்க்க, பிளே என்பதற்குப் பதில் ரெக்கார்டு: ஏ, ஆர், இ, சி, ஓ, ஆர், டி, இடைவெளி, ஹைஃபன், எல்.

இப்போது மேலே உள்ள எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு ஆல்சா வழியாகவே ஒரு சோதனை. பாட்டு, வீடியோ எல்லாவற்றையும் நிறுத்தி ஐந்தாறு நொடி பொறுங்கள். ஹெட்செட்டைக் காதிலிருந்து எடுத்து மேசையில் வையுங்கள். இந்தச் சோதனை பைப்வயரின் ஒலி அளவை மதிக்காது, முழு வேகத்தில் கத்தக்கூடும். பிறகு ஸ்பீக்கர்-டெஸ்ட் என்று ஹைஃபனோடு அடித்து, இடைவெளி விட்டு, ஹைஃபன் பெரிய டி, இடைவெளி, பிளக்எச்டபிள்யூ, முக்காற்புள்ளி, கார்டு எண், காற்புள்ளி, சுழியம். பிளக்எச்டபிள்யூ என்பது பி, எல், யூ, ஜி, எச், டபிள்யூ. அதன் பின் இடைவெளி, ஹைஃபன் சி, இடைவெளி, 2, இடைவெளி, ஹைஃபன் டி, இடைவெளி, டபிள்யூ, ஏ, வி. இந்த இரண்டாவது டி, ஆங்கில அகரவரிசையில் எஸ்ஸுக்கு அடுத்து வரும் டி. ஒரு பெண் குரல் இடம், வலம் என்று மாறி மாறி ஆங்கிலத்தில் சொல்லும். குரல் கேட்டால் ஹெட்செட், கர்னல், ஆல்சா மூன்றும் நலம். அடைப்பு அதற்கு மேலே இருக்கிறது.

'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிசி' என்று வந்தால் வேறு யாரோ கருவியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஏதாவது ஒரு பிரவுசர் தாவலில் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும், பாருங்கள்.

எல்லாம் சரியாகப் போய், குரல் மட்டும் கேட்கவில்லை என்றால் ஆல்சாமிக்சரைத் திறக்க வேண்டும்: ஏ, எல், எஸ், ஏ, எம், ஐ, எக்ஸ், இ, ஆர். புதியவர்கள் இங்கே தவறாமல் ஏமாறும் ஓர் இடம் உண்டு. முதலில் திறக்கும் திரை உங்கள் ஹெட்செட்டுடையது அல்ல. எஃப்6 விசையை அழுத்தி உங்கள் யூஎஸ்பி கார்டைத் தேர்ந்தெடுத்தால்தான் அதன் தூண்கள் தெரியும். தூணின் அடியில் இரண்டு எம் எழுத்துகள் சேர்ந்து இருந்தால் மியூட். எம் விசையைத் தட்டினால் திறக்கும். மேல் அம்புக்குறியால் அளவை ஏற்றுங்கள். வெளியேற எஸ்கேப்.

மூன்றாம் மதகு: பைப்வயர்

அடைப்பு பெரும்பாலும் இங்கேதான்.

முன்பு இந்த இடத்தில் பல்ஸ்ஆடியோ இருந்தது. லினக்ஸ் வகைகளான ஃபெடோரா 2007இலும் உபுண்டு 2008இலும் அதை எடுத்துக்கொண்டன. வெளிவந்த புதிதில் அது வாங்கிய வசவு கொஞ்சநஞ்சமல்ல. பின்னர் ரெட் ஹாட்டின் விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயர் வந்தது. 2021இல் ஃபெடோரா 34, அடுத்த ஆண்டு உபுண்டு 22.10, பிறகு மின்ட் 22 என்று ஒவ்வொன்றாக அதற்கு மாறின. உபுண்டு 22.04 வைத்திருப்பவர்களிடம் ஒலிக்கு இன்னும் பல்ஸ்ஆடியோதான். உங்களிடம் எது என்று அறிய பி, ஏ, சி, டி, எல், இடைவெளி, இன்ஃபோ என்று அடித்து, சர்வர் நேம் என்ற வரியைப் பாருங்கள். அதில் 'ஆன் பைப்வயர்' என்று இருந்தால் பைப்வயர். இது முக்கியம், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் பழைய வைத்தியங்களில் பாதி பல்ஸ்ஆடியோவின் அமைப்புக் கோப்பைத் திருத்தச் சொல்லும். பைப்வயர் அந்தக் கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

பைப்வயரின் மனதில் என்ன இருக்கிறது என்று பார்க்க டபிள்யூ, பி, சி, டி, எல், இடைவெளி, ஸ்டேட்டஸ். ஆடியோ என்ற தலைப்பின் கீழ் சிங்க்ஸ் என்பது ஒலி போகும் இடங்கள், சோர்சஸ் என்பது மைக்குகள். நட்சத்திரக் குறி யார் பக்கத்தில் இருக்கிறதோ அவர்தான் இயல்புநிலை. நட்சத்திரம் டிவியின் எச்டிஎம்ஐ மேல் உட்கார்ந்திருந்தால் ஹெட்செட் எப்படிப் பேசும்? ஹெட்செட் வரியில் உள்ள எண்ணைப் பார்த்து, டபிள்யூபிசிடிஎல், இடைவெளி, செட்-டிஃபால்ட், இடைவெளி, அந்த எண். இந்த எண் ஒவ்வொரு முறையும் மாறும், எழுதி வைக்காதீர்கள். டெர்மினல் பிடிக்காதவர்கள் செட்டிங்ஸில் சவுண்டு பகுதியிலேயே இதைச் செய்யலாம்.

ஆனால் செட்டிங்ஸ் திரை எல்லாவற்றையும் காட்டுவதில்லை. அதனால் பாவுகன்ட்ரோல் என்ற செயலியை நிறுவச் சொல்வேன்: பி, ஏ, வி, யூ, அதோடு ஒட்டிக் கன்ட்ரோல். பெயர் பல்ஸ்ஆடியோவைச் சேர்ந்தது என்றாலும் பைப்வயரிலும் நன்றாக ஓடும். எதையும் நிறுவாதீர்கள் என்று சொன்னவன் நான்தான். இது ஒன்றுக்கு மட்டும் விலக்கு.

அதில் கடைசித் தாவல் கான்ஃபிகரேஷன். ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு புரொஃபைல் இருக்கும். ஹெட்செட்டின் புரொஃபைல் ஆஃப் என்று இருந்தால் அந்தக் கார்டு எந்தப் பட்டியலிலும் வராது. ஆல்சாவில் தெரிகிறது, செட்டிங்ஸில் தெரியவில்லை என்ற புதிருக்கு இதுவே விடை. சில டாங்கிள்களுக்கு டிஜிட்டல் ஸ்டீரியோ என்ற புரொஃபைல் தானாக விழும். அதில் சத்தம் வரவில்லை என்றால் அனலாக் ஸ்டீரியோவுக்கு மாற்றிப் பாருங்கள். அவுட்புட் மட்டும் உள்ள புரொஃபைல் விழுந்திருந்தால் ஒலி கேட்கும், மைக் மாயமாகும். அவுட்புட், இன்புட் இரண்டும் சேர்ந்ததைத் தேர்ந்தெடுங்கள். புரோ ஆடியோ என்றும் ஒன்று இருக்கும். எட்டு வாய், பதினெட்டு வாய் இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர்களுக்கான கதவு அது. ஹெட்செட்காரர்கள் தொட வேண்டாம்.

முதல் தாவல் பிளேபேக். பாட்டு ஓடும்போதுதான் அங்கே செயலிகள் தெரியும். செயலி ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்தக் கருவியில் ஒலிக்கிறது என்று இருக்கும். ஒரு முறை மாற்றினால் பைப்வயர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். இந்த நினைவாற்றல்தான் வினை. போன மாதம் யாரோ பிரவுசரை ஸ்பீக்கருக்குத் திருப்பியிருப்பார்கள். இன்று இயல்புநிலையை ஹெட்செட்டுக்கு மாற்றினாலும் பிரவுசர் மட்டும் பழைய ஸ்பீக்கரிலேயே பாடும்.

எங்கே என்ன திருகினோம் என்றே தெரியவில்லை, எல்லாம் குழம்பிவிட்டது என்றால், வீட்டு அடைவில் (ஹோம் ஃபோல்டரில்) டாட் லோக்கல், அதற்குள் ஸ்டேட், அதற்குள் வயர்பிளம்பர் என்ற அடைவு இருக்கும். வயர்பிளம்பர் என்பது எந்த ஒலி எங்கே போக வேண்டும் என்று பைப்வயருக்காக முடிவெடுக்கும் துணைச் செயலி; பைப்வயரின் நினைவெல்லாம் அங்கேதான். கோப்பு மேலாளரில் கன்ட்ரோல் எச் தட்டினால் மறைந்திருப்பது தெரியும். அந்த அடைவின் பெயரை வயர்பிளம்பர்-பழசு என்று மாற்றிவிட்டு, கணினியை மறுபடி துவக்குங்கள். எல்லாம் புதிதாகத் தொடங்கும். முழு இயங்குதளத்தையும் திரும்ப நிறுவுகிறவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்பட்டது இந்தப் பெயர் மாற்றம் மட்டும்தான்.

கணினியை நிறுத்தாமல் ஒலி அடுக்கை மட்டும் எழுப்ப: சிஸ்டம்சிடிஎல், இடைவெளி, இரண்டு ஹைஃபன் ஒட்டி யூசர், இடைவெளி, ரீஸ்டார்ட், இடைவெளி, வயர்பிளம்பர், இடைவெளி, பைப்வயர், இடைவெளி, பைப்வயர்-பல்ஸ். சிஸ்டம்சிடிஎல் என்பது சிஸ்டம் என்ற சொல்லோடு ஒட்டி சி, டி, எல். இதற்கு சூடோ போடக் கூடாது. போட்டால் அது உங்களுடைய ஒலிச்சேவையைத் தொடாது.

மைக் தனிக் கதை

கேட்கிறது, ஆனால் நாம் பேசுவது யாருக்கும் போகவில்லை. டாங்கிளில் பச்சை, இளஞ்சிவப்பு என்று இரண்டு துளை இருந்து, உங்களிடம் இருப்பது செல்போன் ஹெட்செட் என்றால் காரணம் பிளக்கில்தான். செல்போன் பிளக்கில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும். ஒலி, மைக் எல்லாம் அந்த ஒரே பிளக்கில். பச்சைத் துளைக்கு மைக் என்றால் என்னவென்றே தெரியாது. ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வயர் வாங்கினால் தீர்ந்தது.

பிளக் சரி என்றால் பாவுகன்ட்ரோலில் இன்புட் டிவைசஸ் தாவலுக்குப் போய்ப் பேசிப் பாருங்கள். பட்டை துள்ளினால் மைக் வேலை செய்கிறது. பிரவுசர் தளத்துக்கு மைக் அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று முகவரிப் பட்டையின் தொடக்கத்தில் இருக்கும் சின்னத்தைத் தட்டிப் பாருங்கள். பட்டை அசையவே இல்லை என்றால் ஆல்சாமிக்சர், எஃப்6, உங்கள் கார்டு, அதன் பிறகு எஃப்4. அது மைக்குகளின் திரை. மைக் தூணின் அடியில் கேப்சர் என்ற சொல் இல்லை என்றால் ஸ்பேஸ் விசையைத் தட்டுங்கள்.

அங்கே இருக்கும்போதே இன்னும் இரண்டைப் பார்த்துவிடலாம். பல டாங்கிள்களில் ஆட்டோ கெயின் கன்ட்ரோல் என்று ஒரு விசை இருக்கும். நீங்கள் பேசாமல் இருக்கும்போது மின்விசிறிச் சத்தம் மெல்ல எழுந்து மேலே வருகிறதா? இதன் வேலைதான். எம் தட்டி அணைத்துவிடுங்கள். பேசும்போது உங்கள் குரலே உங்கள் காதில் கேட்கிறது என்றால் எஃப்3 திரையில் மைக் என்ற பெயரில் ஒரு தூண் திறந்திருக்கும். அது மைக்கை நேராக ஹெட்போனுக்குக் கொண்டுவருகிறது. அதையும் மூடுங்கள். இது தெரியாமல் எதிரில் பேசுபவரிடம் "உங்க பக்கம் எதிரொலிக்குது" என்று நான் சண்டை போட்டிருக்கிறேன்.

கரகரப்பு, முதல் எழுத்து முழுங்குவது, ரீங்காரம்

எரிந்து பொரிவதுபோல ஒலி வந்தால் பி, டபிள்யூ, ஹைஃபன், டாப் என்று அடியுங்கள். ஓடும் ஒலிகளின் அட்டவணை வரும். அதில் இஆர்ஆர் என்ற நெடுவரிசையில் எண் ஏறிக்கொண்டே போனால், கணினி நேரத்துக்குத் தரவைத் தயார் செய்யவில்லை. குவாண்ட் என்ற நெடுவரிசையில் ஒரு முறைக்கு எத்தனை ஒலி மாதிரிகளை (சாம்பிள்களை)ச் சேர்த்து அனுப்புகிறது என்று இருக்கும். நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற கணக்கில் 256 என்பது சுமார் 5 மில்லி நொடி, 1024 என்பது சுமார் 21 மில்லி நொடி. சிறிய எண் என்றால் கணினிக்கு மூச்சுவிட நேரமில்லை. பாட்டுக் கேட்கவும் கூட்டத்தில் பேசவும் 1024 போதும். அந்த நேரத்துக்கு மட்டும் கட்டாயப்படுத்த பி, டபிள்யூ, ஹைஃபன், மெட்டாடேட்டா, இடைவெளி, ஹைஃபன் என், இடைவெளி, செட்டிங்ஸ், இடைவெளி, 0, இடைவெளி, கிளாக், புள்ளி, ஃபோர்ஸ்-குவாண்டம், இடைவெளி, 1024. பழையபடி ஆக்கக் கடைசி எண்ணை 0 ஆக்குங்கள். இஆர்ஆர் எண் ஏறவே இல்லை, கரகரப்பு மட்டும் இருக்கிறது என்றால் திரும்பவும் ஹப்புக்கும் வயருக்கும் போங்கள்.

அறிவிப்பு ஒலியின் தொடக்கம் மட்டும் வெட்டுப்படுகிறது, 'வணக்கம்' என்பது 'ணக்கம்' என்று கேட்கிறது என்பார்கள். ஐந்து நொடி சத்தமில்லாமல் இருந்தால் வயர்பிளம்பர் கருவியைத் தூங்க வைக்கிறது. எழுப்புவதற்குள் முதல் எழுத்து போய்விடுகிறது. வயர்பிளம்பர் அமைப்பில் செஷன்.சஸ்பெண்ட்-டைம்அவுட்-செகண்ட்ஸ் என்பதை 0 ஆக்கினால் தூங்காது. கோப்பு எழுதும் முறை 0.5 பதிப்பில் மாறிவிட்டதால், உங்கள் பதிப்புக்கு உரிய ஆவணத்தைப் பார்த்தே எழுதுங்கள். போனில் சொல்கிற வேலை இல்லை இது. நடுநடுவே கருவியே காணாமல் போய் வந்தால் வேறு ஆளைச் சந்தேகிக்க வேண்டும். பேட்டரியைச் சேமிக்க பவர்டாப் செயலியின் ஆட்டோ-ட்யூனை ஓட்டினீர்களா? அது யூஎஸ்பி கருவிகளையெல்லாம் உறங்க அனுமதித்துவிடும்.

வயர்லெஸ் ஹெட்செட்டின் டாங்கிள் யூஎஸ்பி 3 போர்ட்டில், பக்கத்திலேயே வெளி ஹார்டு டிஸ்க். ஒலி விட்டு விட்டு வருகிறதா? யூஎஸ்பி 3 வேகத்தில் ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ரேடியோ இரைச்சல் எழும்; இன்டெல் 2012இலேயே இதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. ஒரு முழ நீள நீட்டிப்பு வயரில் டாங்கிளைத் தள்ளி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஸ்பீக்கரோ மிக்சரோ இணைத்தவர்களுக்கு 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் கேட்கும். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். ரீங்காரம் நின்றால் லினக்ஸ் குற்றமற்றது. எர்த் இணைப்பில் சிக்கல். மடிக்கணினி சார்ஜரையும் ஸ்பீக்கரையும் (அல்லது மிக்சரையும்) நல்ல எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகுங்கள். மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை உடைத்துவிட்டுச் சொருகுவதை நம் ஊரில் நிறையப் பார்க்கிறேன். ரீங்காரம் போகும், உயிரும் போகலாம். யூஎஸ்பி ஐசொலேட்டர் (இரண்டு பக்க எர்த்தையும் பிரித்து வைக்கும் கருவி) வாங்குவதானால் வேகத்தைப் பாருங்கள். மலிவானவை 12 மெகாபிட் வரைதான். ஹை-ஸ்பீடு இன்டர்ஃபேஸ் அதன் வழியாக ஓடாது.

மறுபடி துவக்கியதும் கார்டு எண் மாறுவது

நேற்று கார்டு 1, இன்று கார்டு 2. எந்தக் கருவி முதலில் கண் விழித்ததோ அதற்கு முதல் எண், அவ்வளவுதான் கணக்கு. ஏதாவது செயலியில் கார்டைக் குறிப்பிட வேண்டியிருந்தால் எண்ணை எழுதாமல் பெயரை எழுதுங்கள். ஏபிளே பட்டியலில் கார்டு எண்ணுக்கு அடுத்து, சதுர அடைப்புக்கு முன்னால் இருக்கும் குட்டிச் சொல்தான் பெயர்.

இவ்வளவும் செய்து நகரவில்லை என்றால், லினக்ஸின் புதிய பதிப்பு ஒன்றை பென்டிரைவில் எழுதி, நிறுவாமல் நேரலையாகத் துவக்கிப் பாருங்கள். அதில் பாடினால் உங்கள் நிறுவலில் சிக்கல், அல்லது கர்னல் பழசு. அதிலும் பாடவில்லை என்றால் கருவியைக் கடையில் திருப்பிக் கொடுக்க நியாயம் கிடைத்துவிட்டது.

யாரிடமாவது உதவி கேட்கப் போகிறீர்கள் என்றால் ஆல்சா-இன்ஃபோ என்ற கட்டளையை ஓட்டுங்கள். ஏ, எல், எஸ், ஏ, ஹைஃபன், இன்ஃபோ. உபுண்டுவிலும் டெபியனிலும் ஆல்சா-யூட்டில்ஸ் பொதியோடு வருகிறது. கார்டு, கர்னல், மிக்சர் அளவுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் திரட்டித் தரும். இணையத்தில் ஏற்றட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, கோப்பை நீங்களே ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். எந்த மதகு வரை சத்தம் வந்தது என்பதையும் கூடவே ஒரு வரி எழுதுங்கள். "ஆல்சாவில் குரல் கேட்கிறது, பாவுகன்ட்ரோலில் கார்டே இல்லை" என்று எழுதினால், பதில் சொல்பவர் நேராகப் புரொஃபைலைத்தான் கேட்பார்.